அகலக்கால் வைத்த கான்டசா

பட்டுக்கோட்டையில் ஐம்பது வயதைக் கடந்த ஒரு மனிதன் கௌரவமாகப் பணத்தைத் தொலைப்பதற்கு ஊர் ஒப்புக்கொண்ட வழிகள் சில உண்டு. கும்பாபிஷேகக் கமிட்டியில் பொருளாளர் ஆகலாம். தண்ணீர் வராத தோப்பில் இன்னொரு போர் போடலாம். வார்டு தேர்தலில் சுயேச்சையாக நிற்கலாம். இத்தனை இருக்க, பழைய காருக்கு அகல டயர் மாட்டுவது என்று முடிவெடுத்தவன் மணிக்கூண்டு வட்டாரத்தில் நான் ஒருவன்தான். எதிலும் முன்னோடியாக இருப்பது என் சுபாவம்.

கார், கான்டசா. மாமனார் வாங்கியது. ஆர்.சி. புத்தகத்தில் இப்போது என் பெயர் இருந்தாலும், வீட்டில் அது "எங்கப்பா கார்"தான். இன்சூரன்ஸ் கட்ட வேண்டிய மாதத்தில் மட்டும் "உங்க கார்" என்று மாறும். 2018 நவம்பரில் கஜா புயல் இந்தப் பக்கத்துத் தென்னைகளையெல்லாம் சாய்த்தபோது ஒரு மரம் கார் கொட்டகை மேலும் விழுந்தது. கொட்டகை போயிற்று, கான்டசாவுக்கு மட்கார்டில் ஒரு பள்ளம், அவ்வளவுதான். "எங்கப்பா காருல்ல" என்றாள் மனைவி. கொட்டகை நான் போட்டது.

தஞ்சாவூரில் மெக்கானிக்கல் படிக்கும் என் மகன், விடுமுறைக்கு வந்தவன் சும்மா இருக்காமல், "இந்தியாவோட மசில் கார் இதுதாம்ப்பா" என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போய்விட்டான். எனக்குத் தூக்கம் போயிற்று.

அமெரிக்காவில் 1964இல் போன்டியாக் ஜி.டி.ஓ. என்ற காரை இறக்கினார்கள். எட்டு சிலிண்டர், 6.4 லிட்டர் எஞ்சின், 325 குதிரைத்திறன். மசில் கார் என்ற மோகம் அதிலிருந்துதான் சூடு பிடித்தது. நம் கான்டசாவின் கதை கொஞ்சம் அடக்கமானது. இங்கிலாந்தில் வாக்ஸ்ஹால் விக்டர் என்ற பெயரில் ஓடி, எழுபதுகளின் முடிவில் ஓய்ந்த ஒரு காரை அடிப்படையாக வைத்து, இந்துஸ்தான் மோட்டார்ஸ் 1984இல் அதைக் கொண்டுவந்தது. நீண்ட பானெட், அகன்ற முகம், மந்திரி இறங்குவதற்கென்றே செய்த கதவு. பானெட்டைத் திறந்தால் உள்ளே இருந்தது அம்பாசடரின் 1,489 சி.சி. எஞ்சின், ஐம்பது சொச்சம் குதிரை. பிற்பாடு இசுசுவின் 1.8 லிட்டர் எஞ்சின் வந்து மானத்தைக் காப்பாற்றியது. மாமனார் அதற்கு முன்பே அவசரப்பட்டுவிட்டார். ஆனால் காவிரி டெல்டாவில் ஏற்றம் என்று ஒன்று கிடையாதாகையால், கடைசிவரை அவருக்கு விஷயம் தெரியாது.

எஞ்சினை மாற்ற வசதியில்லை. காலையாவது மாற்றலாம் என்று நினைத்தேன். இவ்வளவு பெரிய உடம்புக்கு அடியில் அந்த ஒல்லி டயர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கே கூச்சமாக இருந்தது. என் வேட்டிக்குக் கீழே தெரியும் கால்களைப் பற்றி மனைவி அப்போது சொன்னதை இங்கே எழுதுவதற்கில்லை.

டயர் கடைக்குப் போய், "இதைவிட அகலமா ஒண்ணு வேணும் தம்பி, என்ன விலை?" என்றேன். கொட்டைப்பாக்கு விலையையும் பட்டுக்கோட்டை வழியையும் சேர்த்து ஒரு பழமொழி இருப்பது தமிழ்நாட்டுக்கே தெரியும். அந்தப் பெருமையை அந்தத் தம்பி காப்பாற்றினார். விலையைச் சொல்லாமல், "பி.சி.டி. எவ்வளவுண்ணே? ஆஃப்செட் என்னண்ணே?" என்று ஆரம்பித்தார். ஏதோ லேப் டெஸ்ட் என்று நினைத்து, "சாப்பிடறதுக்கு முன்னாடி பார்த்ததா, பின்னாடி பார்த்ததா?" என்று கேட்டேன்.

பி.சி.டி. என்பது போல்ட் துளைகள் எல்லாவற்றின் நடுவையும் தொட்டுக்கொண்டு போகும் வட்டத்தின் விட்டம். ஒரு ரிம்முக்கு 100 மில்லிமீட்டர், இன்னொன்றுக்கு 114.3 மில்லிமீட்டர் என்று ஆளுக்கொரு கணக்கு. பொருந்தாவிட்டால் சம்மட்டி வைத்து அடித்தாலும் உட்காராது. ஆஃப்செட் என்பது, ஹப்பில் உட்காரும் முகம் ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறது என்பது. அதில் பிசகினால் சக்கரம் ஒன்று உள்ளே போய் சஸ்பென்ஷனை இடிக்கும், அல்லது வெளியே வந்து மட்கார்டை உரசும். டயரின் பக்கத்தில் எழுதியிருக்கும் 195/65 R15 என்பதற்கும் அன்றுதான் அர்த்தம் கேட்டேன்: 195 மில்லிமீட்டர் அகலம், அதில் 65 சதவீதம் பக்கச்சுவரின் உயரம், ரேடியல் கட்டுமானம், 15 அங்குல ரிம். டயரின் மொத்த விட்டம் பழையதோடு ஒத்துப்போகாவிட்டால் ஸ்பீடாமீட்டர் பொய் சொல்லும். அது எனக்குப் பொருட்டில்லை. எங்கள் கான்டசாவின் ஸ்பீடாமீட்டர் மாமனார் காலத்திலேயே மௌனவிரதம்.

ரிம் வந்து சேரும்வரை ஊர் முழுக்க ஆலோசனை. எதிர்வீட்டு டிராக்டர்காரர், "அகலம்தானே சார் வேணும்? நம்ம கேஜ்வீல் சும்மாதான் கெடக்கு, நடவுக்கு இன்னும் நாளு இருக்கு, மாட்டிப் பாருங்களேன்" என்றார். அவர் முகத்தில் சிரிப்பே இல்லாததுதான் எனக்குக் கவலையாக இருந்தது.

ரிம் வந்ததும் அகல டயரை மாட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தி, "ரோட்டை இனிமே எப்படிக் கவ்வுது பாருங்க" என்று குடும்பத்தாரிடம் அறிவித்தேன். மகன் ஒரு பேனாவை எடுத்தான். பிள்ளைகளைப் படிக்க வைப்பதில் உள்ள ஆபத்து இதுதான்.

"கார் 1,200 கிலோன்னு வச்சுக்குவோம்ப்பா. ஒரு டயருக்கு 300 கிலோ. காத்து 30 பி.எஸ்.ஐ., அதாவது சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 2.1 கிலோ. வகுத்தா 143 சதுர சென்டிமீட்டர். ஒரு போஸ்ட் கார்டைவிடக் கொஞ்சம் பெருசு. தரையைத் தொடுறது அவ்வளவுதான். டயரை அகலமாக்கினாலும் அதே எடை, அதே காத்துன்னா ஏறக்குறைய அதே பரப்புதான். முன்னே நீளவாக்கில இருந்த தடம் இப்ப குறுக்குவாக்கில இருக்கும். வேகமா வளைவுல திரும்பினா அதுல லாபம் உண்டு."

மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "அப்ப இத்தனை ஆயிரமும் போஸ்ட் கார்டைத் திருப்பி வைக்கத்தானா?"

வேகமாக வளைவில் திரும்புவதற்கு நம்மூரில் எருமைகளின் ஒப்புதல் வேண்டும் என்பதை அவள் தனியாகச் சொல்லவில்லை. மழையில் அகல டயர் தண்ணீரின் மேல் மிதக்கச் சீக்கிரம் சம்மதிக்கும் என்பதை மகன் சொன்னான். ஐப்பசி அடுத்த மாதம்.

மசில் காரில் மசில் யாருக்கு வரும் என்பது ஓட்டிப் பார்த்தபோதுதான் விளங்கியது. எங்கள் வண்டியில் பவர் ஸ்டியரிங் கிடையாது. சக்கரம் வெளியே தள்ளிப் போகப் போக, அது திரும்பும் அச்சுக்கும் தரைத் தடத்துக்கும் இடைவெளி கூடி, சாலையின் ஒவ்வொரு குழியும் நேராக உள்ளங்கைக்கு வந்து சேர்கிறது. வீல் பேரிங்குக்கும் சுமை. மணிக்கூண்டில் முழுதாகத் திருப்பினால் முன் டயர் மட்கார்டை உரசி ஒரு சத்தம். டீக்கடையில் இருந்த அத்தனை பேரும் எழுந்து பார்த்தார்கள். நான் எதிர்பார்த்த கவனம் எனக்குக் கிடைத்துவிட்டது என்பதை நேர்மையாகப் பதிவு செய்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு மனோராவுக்குப் போனோம். நெப்போலியனை ஆங்கிலேயர் வென்றதைக் கொண்டாடி சரபோஜி மன்னர் 1814-15இல் கடற்கரையில் எழுப்பிய கோபுரம் அது. கையை உதறிக்கொண்டு இறங்கி, மகனுக்கு அந்த வரலாற்றைச் சொன்னேன்.

"அவனும் அகலக்கால் வச்சுத்தாங்க கெட்டான்" என்றாள் மனைவி, தேங்காய் பத்தையைக் கடித்துக்கொண்டே.

ஆர்.சி. புதுப்பிக்க வேண்டிய நேரமும் வந்தது. பதினைந்து வருஷம் தாண்டிய காருக்கு அதற்கான கட்டணத்தை 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாய் ஆக்கியிருந்தார்கள். தயாரித்தவர் கொடுத்த அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது என்று 1988ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு சொல்கிறதாம். ஆகவே ஆய்வுக்குப் போகும் அன்று ஒல்லி டயர், திரும்பி வந்ததும் அகல டயர் என்று ஏற்பாடு. பெண் பார்க்க வந்த அன்று நானும் வயிற்றை எக்கிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். சட்டம் அப்போதும் ஒன்றும் செய்யவில்லை.

சிக்கல் வேறிடத்தில் முளைத்தது. டயர்கள் இரண்டு பக்கமும் துருத்திக்கொண்டதில் கார் வீட்டு கேட்டுக்குள் நுழையவில்லை. ஒரு தூணை இடித்துத் தள்ளிக் கட்ட மேஸ்திரியைக் கூப்பிட்டேன். அவர் மட்டப்பலகையோடு வந்து நின்றதும், மனைவி காபி டம்ளரை அவரிடம் நீட்டியபடி, "அப்படியே அடுப்படிச் சுவரையும் ரெண்டடி தள்ளிடுங்க மேஸ்திரி" என்றாள். வருஷக்கணக்காக நான் காதில் வாங்காத கோரிக்கை அது.

"அடுப்படி அகலமானா குழம்புக்கு ருசி கூடிடுமா?" என்று கேட்டேன். நல்ல கேள்வி என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்.

"கூடாது. போஸ்ட் கார்டைக் குறுக்கால வச்ச மாதிரிதான் இருக்கும்" என்றாள். மேஸ்திரி அதற்குள் சுவரில் நூல் பிடித்துவிட்டார்.