எடை மேடைக்கும் ஆபீசுக்கும் நடுவால

வாங்க மாப்ளே, உக்காருங்க. காங்கயத்துல புது அரிசி மில்லு, வாசல்ல எடை மேடை, ரொம்பச் சந்தோசம். மேடை இண்டிகேட்டர்ல இருந்து ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு 300 மீட்டர் வயரை ஒரே இழுப்பா இழுத்துட்டீங்களாமே? ஹல்லர் மோட்டாரைத் தட்டினா 12 டன் நெல்லு 72 டன்னுன்னு விழுகுதாமே? விடுங்க, நெல்லுக்காரன் கும்புட்டுட்டுப் போவான்.

அந்த இண்டிகேட்டர் பேசறது ஆர்எஸ்-232. ஒரே ரூமுல இருக்கற மிசினையும் மோடத்தையும் கட்டறதுக்கு 1960கள்ல அமெரிக்காக்காரன் பண்ணுனது. பழைய கணக்கு 15 மீட்டர். நல்ல வயரு, மெதுவான வேகம்னா அதுக்கு மேலயும் கொஞ்சம் ஓடும். அதை நம்பி நீங்க 300க்குப் போனீங்க பாருங்க, அந்தத் தகிரியம் என்ற மகளுக்குக்கூட இல்லை.

இனி இந்த 232 பேச்சைத் தூரத்துக்குத் தள்ளற லைன் டிரைவர் பொட்டி வாங்கோணும். மேடைப் பக்கம் ஒண்ணு, ஆபீஸ் பக்கம் ஒண்ணு. ஒண்ணு மட்டும் வாங்கிட்டு வந்து பாதிப் பணம் மிச்சம்னு சொல்லீறாதீங்க. ஆர்எஸ்-422ன்னும் 485ன்னும் கடைக்காரன் காட்டுவான். ரெண்டும் 100 கிலோபிட் வேகத்துல 1200 மீட்டர் வரைக்கும் போகும். அட்டையில 10 மெகாபிட்னு பெருசாப் போட்டிருப்பான். அது பத்துப் பன்னெண்டு மீட்டர் வயருக்கு. உங்க இண்டிகேட்டர் 9600ல முனகீட்டு இருக்குது, அதுக்கு எதுக்குங்க அந்தப் பவுசு? மேடை பேசும், கம்ப்யூட்டர் கேக்கும், எதிர்ப்பேச்சு கிடையாது. 422 போதும். நாளைக்கு நாலு மேடை வெச்சு ஒரே வயருல கட்டறதா இருந்தா 485. ஆனா அதுல ஒருத்தர் பேசறப்ப மத்தவங்க வாயை மூடோணும். அந்தப் பழக்கம் உங்க குடும்பத்துல இல்லீங்களே!

"அடாப்டரே வேண்டாங்க, போர்ட்டுலயே கரண்டு எடுத்துக்கும்"னு ஒரு பொட்டி காட்டுவான். வெலை கம்மி. உங்க கை தானா நீளும். அது ஆர்டிஎஸ், டிடிஆர் கம்பிகள்ல இருந்து உறிஞ்சித்தான் பொழைக்கோணும். நெறைய இண்டிகேட்டர்ல வெளிய வர்றது அனுப்ப, வாங்க, கிரவுண்டுன்னு மூணே கம்பி. ஓசிக் கரண்டுக்கு அது எங்க போறது?

முறுக்குன ஜோடி வயரு எதுக்குன்னு கேட்டீங்க. லோடோட ஒருக்கா, காலி லாரியை ஒருக்கா நிறுத்திக் கழிக்கறீங்கல்ல? டயர்ல ஒட்டுன சேறு ரெண்டு எடையிலும் இருக்கறதால கழிஞ்சு போகுது. மோட்டார் இரைச்சலும் அப்படித்தான். ரெண்டு கம்பியிலும் ஒண்ணாட்ட ஏறும், அந்தக் கோடியில வித்தியாசத்தை மட்டும் எடுத்துக்குவான். அதுக்காக மோட்டார் கேபிள் போற குழாயிலயே இதையும் சொருகிப் போடாதீங்க. குழாய்க் காசு மிச்சம்னு சொல்ற எலக்ட்ரீசியனைக் கொஞ்ச நாளைக்கு ஆபீஸ்ல பில்லுப் போட வையுங்க.

காசை எங்க எறைக்கோணும்னா, ரெண்டு பக்கத்துக் கரண்டையும் ஒட்டாமப் பிரிச்சு வெக்கற ஐசொலேசன்ல எறையுங்க. மேடைக்கு ஒரு எர்த்து, ஆபீசுக்கு ஒரு எர்த்து. ரெண்டும் சமமா நிக்காது. 485 சிப்பு மைனஸ் 7ல இருந்து பிளஸ் 12 வோல்ட் வரைக்கும்தான் தாக்குப் பிடிக்கும், 422 சிப்பு அந்தளவும் பிடிக்காது. ஐப்பசி இடி ஒண்ணு பக்கத்துல எறங்குனா கணக்கே வேற. ரெண்டு பக்கமும் சர்ஜ் அரெஸ்டர் போடுங்க. தெறந்த வெளியில இழுக்கறதா இருந்தா ஃபைபர்தான் நிம்மதி, அதுல கரண்டு ஏறவே ஏறாது. 120 ஓம் ரெசிஸ்டர் வேணும்னு ஒருத்தன் மெரட்டுவான். 9600ல, 300 மீட்டருக்கு, அது இல்லாமயும் ஓடும். போட்டே ஆகோணும்னா கேக்கற கோடியில ஒண்ணு. நடுவால நாலு போட்டு டிரைவரை மூச்சு முட்ட வைக்காதீங்க.

எல்லாம் மாட்டியும் ஓடலைன்னா பொட்டி செத்துப்போச்சுன்னு கடைக்கு ஓடாதீங்க. ஒரு கம்பெனி கம்பிக்கு 'A'ன்னு போட்டதை இன்னொருத்தன் 'B'ன்னு போட்டிருப்பான். ரெண்டு கம்பியையும் மாத்திச் சொருகிப் பாருங்க. அப்பவும் ஓடலைன்னா என்னைக் கூப்புடுங்க, வர்றேன். மத்தியானச் சோத்து நேரமாப் பாத்துக் கூப்புடுங்க.