ஆட்டுமுடிச் சித்தி

சித்தூரில் கல்யாணப் பத்திரிகை அடிக்கக் கொடுக்கும் முன் முகூர்த்தமும் மண்டபமும் ஒத்துவந்தால் மட்டும் போதாது, சித்தியும் ஒத்துவர வேண்டும். சித்தி என்றால் என் அம்மாவின் தங்கை. கல்யாணப் பெண்களுக்கு மேக்கப் போடுகிறவர். வீட்டில் தமிழ், வாடிக்கையாளரிடம் தெலுங்கு, தன் பிரஷ்களிடம் மட்டும் இங்கிலீஷ்.

இப்படி ஒரு சித்தி உங்கள் ஊரிலும் இருப்பார். குடியாத்தத்தில் அவர் அத்தையாக இருக்கலாம், ஆரணியில் தையல்கார மாமாவாக இருக்கலாம். தொழில் என்ன என்பது முக்கியமில்லை. செய்த வேலையைப் பாராட்டினால், "எல்லாம் இந்தக் கத்தரிக்கோல் செய்யற வேலைங்க" என்று அடக்கமாகச் சொல்லிவிட்டு, அந்தக் கத்தரிக்கோலின் ஜாதகத்தை முக்கால் மணிநேரம் விரிப்பவர் எவரோ, அவர் இந்த இனம். அந்த அடக்கத்தை நம்பி உட்கார்ந்தால் காபி ஆறிவிடும்.

பி.காம். முடித்து வேலை தேடிய இரண்டு வருஷம் நான் சித்திக்குப் பெட்டி தூக்கினேன். அந்தத் தகுதியில் இதை எழுதுகிறேன்.

பெட்டியில் பிரஷ்கள் மட்டும் இருபத்தேழு. நட்சத்திரக் கணக்கு. அக்கா தங்கை பிள்ளைகளில் யாருக்கு என்ன நட்சத்திரம் என்று சித்திக்குத் தெரியாது. ஆனால் ஒவ்வொரு பிரஷும் எந்த ஊர், என்ன முடி, எப்போது வீட்டுக்கு வந்தது என்பது தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரும். இருபத்தாறு பேரும் பரிவாரம். மூலவர் ஒருவர்தான்: ஒசாகாவில் ஐ.டி. வேலையிலிருக்கும் எங்கள் மாப்பிள்ளை கொண்டுவந்து கொடுத்த ஆட்டுமுடிப் பவுடர் பிரஷ். விலை 6,500 ரூபாய். மாப்பிள்ளை அன்பளிப்பு என்று நினைத்துத்தான் கொடுத்தார். சித்தி கணக்குப் பார்த்துப் பணத்தைக் கையில் திணித்துவிட்டார். ஓசியில் வந்ததென்றால் விலையைச் சொல்லிக்கொள்ள முடியாதே!

ஹிரோஷிமா பக்கத்தில் குமானோ என்றொரு ஊர் உண்டு. எழுத்துத் தூரிகை செய்வதில் பரம்பரையாகப் பேர்போன ஊர், பிறகு மேக்கப் பிரஷிலும் இறங்கியது. இது எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்கவே வேண்டாம். 2011-இல் ஜப்பான் பெண்கள் கால்பந்து உலகக் கோப்பையை வென்றார்கள். "ஜெயிச்ச பொம்பளைங்களுக்கு அந்த சர்க்கார் என்னா குடுத்துச்சு தெரியுமா? பட்டுப்புடவையா? பதக்கமா? குமானோ பிரஷ்ஷுடா!" என்று ஒவ்வொரு மணப்பெண்ணிடமும் சித்தி சொல்வார். பெண்ணுக்குக் கண்மை இடும் நேரம் பார்த்துத்தான் சொல்வார். அப்போதுதான் அது தலையாட்டாமல் கேட்கும்.

விலைக்கு நியாயமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. பஜாரில் பன்னிரண்டு பிரஷ் ஒரு பையில் போட்டு 300 ரூபாய்க்குக் கிடைக்கிறது. அதில் முடியைக் கட்டி, நுனியைக் கத்தரியால் வெட்டி உருண்டையாக்கியிருப்பார்கள். வெட்டிய நுனி கன்னத்தில் குத்தும். குமானோக்காரர்கள் நுனியை வெட்டுவதில்லை. முடியின் இயற்கையான நுனி அப்படியே மேலே இருக்கும்படி மர அச்சில் குலுக்கி அடுக்கியே உருவம் கொண்டுவருகிறார்கள். ஒவ்வொரு முடியாகப் பொறுக்கும் அந்தப் பொறுமைக்குத்தான் பாதி விலை. மீதி பாதியில் அட்டைப்பெட்டிக்கும் ஜரிகைக் கயிற்றுக்கும் எவ்வளவு என்று சித்தியிடம் கேட்டேன். ஒரு வாரம் எனக்கு டீ வரவில்லை.

இன்னொரு ரகசியத்தைச் சித்தி வாடிக்கையாளரிடம் சொல்லமாட்டார். ஆட்டுமுடி, அணில்முடி எல்லாம் பவுடருக்குத்தான். முடியின் மேலுள்ள கண்ணுக்குத் தெரியாத செதில்கள் தூளைப் பிடித்துக்கொண்டு பிறகு மெதுவாக விடும். திரவ ஃபவுண்டேஷன் போட நைலான் இழைதான் சரி, முடியானால் பாதியைக் குடித்துவிடும். ஆக, பெட்டியில் பாதி வேலையைச் செய்வது 150 ரூபாய் நைலான்கள். பேர் வாங்குவது ஆடு.

திருமலையில் ஒரு கல்யாணம். விடிகாலை முகூர்த்தம். மலைப்பாதையை நள்ளிரவில் மூடிவிடுவார்கள் என்பதால் முதல் நாள் சாயங்காலமே கிளம்பினோம். தரிசனத்துக்காகப் பாட்டியும் தொற்றிக்கொண்டார். சித்திக்கு இப்போது திருப்பதி என்றால் தனி ரேட். முன்பெல்லாம் சித்தூர் மாவட்டம் என்ற கணக்கில் உள்ளூர்க் கட்டணம்தான் வாங்கினார். 2022 ஏப்ரலில் திருப்பதியைத் தனி மாவட்டமாகப் பிரித்தார்கள். அரசாணையின் மை காய்வதற்குள் சித்தி அதை வெளி மாவட்டமாக அறிவித்துவிட்டார். எழுபது கிலோமீட்டர் அதே எழுபதுதான்.

அலிபிரிச் சோதனைச் சாவடியில் பெட்டிகளை இறக்கினோம். பாட்டி தகவல் பலகையை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு ஆரம்பித்தார்.

"ஏண்டி, மலைக்கு மாமிசம் கொண்டாரக் கூடாதுன்னு போட்டுக்குது. ஆட்டு முடி எதுல சேத்தி?"

"அம்மா, வாய மூடு."

"கேக்கறேன். தப்புன்னா இங்கயே வச்சிட்டுப் போயிடலாமில்ல?"

காவலர் பெட்டியைத் திறந்தார். இருபத்தேழில் அவர் கை நேராக மூலவரிடம் போனது. என்ன இது என்று புறங்கையில் ஒருமுறை தேய்த்துப் பார்த்தார். முகம் மாறியது. இன்னொரு முறை தேய்த்தார். "பாகுந்தி" என்றார். பக்கத்தில் இருந்தவரைக் கூப்பிட்டு அவர் புறங்கையிலும் தேய்த்தார். பின்னால் நின்ற கார்கள் ஹாரன் அடிக்கத் தொடங்கின. வண்டியில் ஏறியதும் சித்தி சொன்னார்: "பாத்தியாம்மா? அலிபிரி செக்யூரிட்டிக்கே தெரியுது. உனக்குத்தான் தெரியல."

பாட்டி அப்போது ஒன்றும் சொல்லவில்லை. மலைமேல் கல்யாணக்கட்டை வாசலைத் தாண்டும்போது, மொட்டையடித்து வெளியே வரும் கூட்டத்தைக் காட்டி நிதானமாகச் சொன்னார்: "ஊரு உலகமே இங்க வந்து முடியச் சும்மா குடுத்துட்டுப் போவுது. தேவஸ்தானம் அத ஏலம் விட்டுக் காசு பாக்குது. நீ ஒருத்திதான் காசு குடுத்து முடி வாங்கியாந்துக்கிற. அதுவும் ஆட்டுது."

முடியின் நேர்மை பற்றிச் சித்திக்கு ஒரு பயம் எப்போதும் உண்டு. 2019-இல் வனவிலங்குக் குற்றத் தடுப்புப் பிரிவு நாடெங்கும் சோதனை போட்டுக் கீரிமுடித் தூரிகைகளைப் பிடித்தது. படம் வரையும் பிரஷ்கள்தான் அவை. கீரியைக் கொன்று முடியெடுப்பது 1972 சட்டப்படி குற்றம். அந்தச் செய்தி வந்த அன்று சித்தி இருபத்தேழையும் பரப்பி, ஒவ்வொன்றிலும் ஓர் இழை பிடுங்கித் தீக்குச்சியில் காட்டினார். நைலான் உருகி மணியாகும், நிஜ முடி கருகி நொறுங்கும். பாட்டி அடுக்களையிலிருந்து, "யாரு தலடி எரியுது?" என்று கத்தினார். கருகிய முடி ஆடா கீரியா என்பது தீக்குச்சிக்கு எப்படித் தெரியும்? சித்தி மட்டும் ஆடுதான் என்று காணிப்பாக்கம் பிள்ளையார் முன்னாலேயே சத்தியம் செய்வேன் என்றார். காணிப்பாக்கம் எங்கள் ஊரிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். அங்கே பொய்ச் சத்தியம் செய்ய எவனுக்கும் தைரியம் வராது என்பது இந்தப் பக்கத்து நம்பிக்கை. "வா, இப்பவே போலாம்" என்று சித்தப்பா செருப்பை மாட்டினார். "மூர்த்தம் சீசன் முடியட்டும்" என்றார் சித்தி. அந்த சீசன் இன்னும் முடியவில்லை.

காளஹஸ்தியிலிருந்து தூரத்து உறவில் ஒரு பெரியவர் வருவார், கலம்காரி போடுகிறவர். அவருடைய கலம் என்பது சீவிய மூங்கில் குச்சி. அதில் துணியைச் சுற்றி நூலால் இறுக்கியிருக்கும். மை தொட்டு, சுற்றின துணியை விரலால் பிழிந்துகொண்டே கோடு போடுவார். ராமர் பட்டாபிஷேகமே அதில்தான். உடைந்தால் கொல்லையில் இன்னொரு மூங்கில். செலவு? யோசித்துப் பார்த்து, "நூலுக்கு ஏதோ ஆகும்" என்றார். சித்திக்கு முகம் சுருங்கிவிட்டது. பெரியவர் விடாமல், வரைவதற்கு முன் துணியைக் கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த நீரில் ஊறப்போட்டுக் காயவைப்பதுதான் பெரிய வேலை, இல்லாவிட்டால் சாயம் ஓடிவிடும் என்று விளக்கினார். சித்தி நிமிர்ந்து உட்கார்ந்தார். "அதத்தான் நாங்க பிரைமர்னு சொல்றோம். எருமைப்பால் எத்தன லிட்டர்?" அன்றைய உரையாடலில் சித்தி ஜெயித்ததாக வீட்டில் பேச்சு. எப்படி என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

கணக்கிலும் சித்தியை மடக்குவது கஷ்டம். வருஷத்துக்கு நாற்பது முகம், பத்து வருஷம் உழைக்கும், ஆக நானூறு முகம். 6,500-ஐ வகுத்தால் முகத்துக்கு 16 ரூபாய் 25 காசு. பஜார் செட்டு ஆறு கல்யாணத்தில் வழுக்கையாகிவிடும், முகத்துக்கு 50 ரூபாய். எது மலிவு? இந்தக் கணக்கைக் கேட்டு மயங்கி, கட்டமஞ்சியில் ஒரு பள்ளிக்கூட டீச்சர் அதே மாதிரி பிரஷ் ஒன்றை வரவழைத்துக்கொண்டார். அவர் வருஷத்தில் மூன்று விசேஷத்துக்குப் போகிறவர். பத்து வருஷத்துக்கு முப்பது முகம், அதுவும் ஒரே முகம். தடவைக்கு 216 ரூபாய்க்கு மேல். அந்தக் காசுக்கு மல்லிகை வாங்கித் தலை கொள்ளாமல் வைத்திருந்தால் ஊரே திரும்பிப் பார்த்திருக்கும். பிரஷை இப்போது ஷோகேஸில், மகன் வாங்கிய கேரம் கோப்பைக்குப் பக்கத்தில் நிறுத்தியிருக்கிறார்.

சித்தப்பாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பூர்வீகம் திருப்பதி. வாயில்லாப் பூச்சி. 6,500 ரூபாய் போன அன்றும் பேப்பரை முகத்துக்கு நேராக உயர்த்திப் பிடித்ததோடு சரி. பிரஷைக் குழந்தை ஷாம்பூவில் குளிப்பாட்டி, பிடிக்குள் தண்ணீர் இறங்கிப் பசை விட்டுவிடக் கூடாதென்று தலைகீழாகக் கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிடுவார் சித்தி. அதற்கு இடம்விட்டுத் தன் வேட்டியைச் சித்தப்பா மடித்து ஓரமாகப் போட்டுக்கொள்வார்.

மே மாதம் வந்தால் திருப்பதியில் தாத்தய்யகுண்டா கங்கம்மா ஜாத்திரை. ஒரு வாரம் ஊரே வேஷம் கட்டும். உடம்பெங்கும் நாமக்கட்டியைப் பூசினால் பைராகி வேஷம். கரியைப் பூசி வேப்பிலை கட்டினால் தோட்டி வேஷம். சந்தனமானால் துரை வேஷம். ஆம்பிளைகள் புடவை கட்டி நகை போட்டு நடப்பதும் உண்டு. இத்தனை மேக்கப்புக்கும் யாரும் பிரஷ் வைத்துக்கொள்வதில்லை, உள்ளங்கைதான். இதில் குங்குமம் அப்பிக்கொள்வது பண்ட வேஷம். அதற்கு ஒரு விசேஷம் உண்டு. அந்த வேஷம் போட்டவர் யாரை வேண்டுமானாலும், என்ன வேண்டுமானாலும் திட்டலாம். திட்டு வாங்கியவர் கோபிக்கக் கூடாது.

ஒரு வருஷம் சித்தப்பா பண்ட வேஷம் போட வேண்டிக்கொண்டிருப்பதாக அறிவித்தார். எதற்காக வேண்டுதல் என்று சொல்லவில்லை.

விடிகாலையில் அவருடைய அண்ணன் வீட்டுக் கிணற்றடியில் தயாரானார். முகம், மார்பு, கை எல்லாம் தானே அப்பிக்கொண்டார். முதுகுக்குக் கை எட்டவில்லை. உள்ளே போய் எதையோ எடுத்துவந்து என்னிடம் நீட்டினார். மூலவர்! "சித்தப்பா…" என்றேன். "கைக்கு அதான் ஆப்டுச்சு, பூசுடா" என்றார். பூசினேன். ஒன்று ஒப்புக்கொள்ள வேண்டும்: முன்னால் உள்ளங்கையால் அப்பியது திட்டுத்திட்டாக இருந்தது. முதுகில் அந்தப் பிரஷ் போன இடமெல்லாம் குங்குமம் பட்டு விரித்த மாதிரி ஒரே சீராக உட்கார்ந்தது. சித்தி சொன்னதில் பொய்யே இல்லை என்று எனக்கு விளங்கியது, அறுபது வயது முதுகு ஒன்றில்.

வாசலில் கூட்டம். சித்தி கைகூப்பி நின்றார். சித்தப்பா நடுத்தெருவில் கால் அகட்டி நின்று, இருபத்தெட்டு வருஷத் தாம்பத்தியத்தில் நான் கேட்டிராத குரலில் ஆரம்பித்தார்: "மேக்க வெண்ட்ருக்கலக்கு ஆறு வேல ஐது வந்தலா!" ஆட்டு மயிருக்கு ஆறாயிரத்து ஐந்நூறா என்று அர்த்தம். இதுதான் அதில் அச்சிடக்கூடிய பகுதி. வம்சம், ஒசாகா மாப்பிள்ளை, குமானோ, கொடியில் ஓரம் கட்டப்பட்ட வேட்டி எல்லாம் வந்தது. கூட்டம் பக்தியோடு சிரித்தது. சித்தி கூப்பிய கையை எடுக்காமல், கோபிக்கக் கூடாதவராக நின்றார். அப்போதுதான் சித்தப்பா திரும்பினார். முதுகின் சீரைச் சித்தி பார்த்தார். தொழில்காரி அல்லவா? பூச்சைப் பார்த்ததும் கருவி தெரிந்துவிட்டது. அவர் கண் மெல்ல என் கைக்கு வந்தது.

ஏழு தண்ணீரில் அலசினார். ஷாம்பூ, எலுமிச்சை, பாட்டி சொன்ன புளி. ஆட்டுமுடி வெளுக்கவில்லை. இளஞ்சிவப்பாக நின்றுவிட்டது. காய்ந்ததும் தட்டினால் லேசாகச் செந்தூள் பறந்தது.

அடுத்த முகூர்த்தம் திருச்சானூரில். சித்தி பேசாமல் பவுடரைத் தொட்டுப் பெண்ணின் கன்னத்தில் அந்தப் பிரஷால் ஒரு சுற்றுச் சுற்றினார். பெண்ணின் அம்மா கிட்டே வந்து பார்த்து, வாயில் கைவைத்தார்.

"என்னா களை! ரூஜே போடாம எப்பிடிக்கா இந்தச் செவப்பு?"

சித்தி பெட்டியை மூடிக்கொண்டே, அடக்கமாக, "எல்லாம் இந்த ஜப்பான் பிரஷ் செய்யற வேலைங்க" என்றார்.