கீரையை முறைப்படி கெடுப்பது எப்படி?

கீரையில் உள்ள நல்லதையெல்லாம் மிச்சமில்லாமல் வெளியேற்ற விரும்புகிறவர்களுக்கு இந்தக் குறிப்பு. வேலை ஒன்றும் கஷ்டமில்லை.

படுவான்கரையில் விடியப்புறம் பிடுங்கிய முருங்கையிலை வலையிறவுப் பாலம் தாண்டி மட்டக்களப்பு டவுனுக்கு வரும்போது விறைப்பாகவே இருக்கும். அப்போது வாங்கிவிடாதீர்கள். பின்னேரம் போங்கள். வாடிய கட்டைத் தூக்கிக் காட்டி, "ரெண்டாவே எடு புள்ள, விலை குறைச்சித் தாறன் கா" என்பா விற்கிறவ. இலை வாடவாட விட்டமின் சீயும் இறங்கும். பாதி வேலை மலிவாக முடிந்தது.

வல்லாரையை முதலில் பொடியாக அரிந்து, பிறகு கழுவுங்கள். வரிசை முக்கியம்: அரிந்த வாயால்தான் தண்ணீரில் கரைவதெல்லாம் வெளியேறும். அரிந்ததை மூடாமல் வைத்துவிட்டு ஒரு நாடகம் பார்த்து வரலாம். இலையின் நொதியங்கள் காற்றோடு கூடி பொலிபீனோல்களைப் பதம் பார்க்கும். ஓரம் மண்ணிறமானால் கை தேறிவிட்டது.

அவிப்பதென்றால் பானை நிறையத் தண்ணீர், ஒரு சிட்டிகை அப்பச்சோடா. பச்சை நிறம் கண்ணைப் பறிக்கும்; விட்டமின் சீ காரத்தில் நிற்காது. வடித்த தண்ணீரைக் கானில் ஊற்றுங்கள். கல்லடிப் பாலத்தடியில் பாடும் மீன்களுக்குத் தொண்டைக்கு நல்லது.

ஆனால் அவிப்பதை முழுதாக நம்ப முடியாது. வயம்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட ஆய்வில் வல்லாரை, அகத்தி, ஆவாரை உட்பட ஆறு இலைகளை அவித்தும், ஆவியில் வேகவைத்தும், பொரித்தும் பார்த்தார்கள். அவித்ததும் ஆவியும் இலைக்கு இலை வேறு விடை சொல்லின. பொரித்ததில் ஆறுமே அன்டிஒக்சிடன்டை இழந்தன. ஆகவே எண்ணெய்த்தாச்சியே உத்தமம்.

அம்மம்மாமாரை மட்டும் குசினிக்குள் விடாதீர்கள். சூடான தாச்சியில் வெங்காயம், பச்சை மிளகாய், தேங்காய்ப்பூ, இலை. நாலு கிண்டு கிண்டி இறக்கிவிடுவார்கள். வடித்து ஊற்றத் தண்ணீரே இல்லை. கரோட்டீன் கொழுப்போடுதான் உடம்பில் சுவறும், அதற்குத் தேங்காய்ப்பூ. தேசிக்காயையும் ஆறிய பிறகே பிழிவார்கள், அதன் விட்டமின் சீ தப்பிவிடும். இந்தச் சுண்டலில் நமக்குக் கெடுக்க இடமேயில்லை. முடிந்தால் தேசிக்காயைப் பறித்து, அடுப்பில் கொதிக்கும்போதே பிழிந்து மூடிவிடுங்கள். இலை பாசி நிறமாகும்.

மிஞ்சிய முருங்கையிலையைப் பொடியாக்கலாம். நிழலில் உலர்த்தினால் கரோட்டீன் தங்கிவிடும் அபாயமுண்டு. கல்லடிக் கடற்கரை உச்சிவெயில் போதும். வைக்கோல் நிறம் வந்ததும் இடித்து, கண்ணாடிப் போத்தலில் போட்டு யன்னலடியில் வையுங்கள். மூடியை இறுக்க வேண்டாம்.