குறை சொன்னவர் கையில் கரண்டி

ராக் விமர்சகர் ஜான் லாண்டாவ் எழுதினால் ஆட்கள் மயங்கி விழுவார்கள். வர்ணனை இல்லை, நடந்தது. 1968-இல் ‘ரோலிங் ஸ்டோன்’ இதழில் கிரீம் குழுவைப் பிரித்து மேய்ந்தார். அதன் கிட்டார்காரர் எரிக் கிளாப்டன் அரைத்த ப்ளூஸ் மாவையே அரைக்கிறார் என்பது கட்டுரையின் சாரம். லண்டன் சுவர்களில் கடவுள் என்று கிறுக்கப்பட்ட கிளாப்டன், அதைப் படித்துவிட்டு ஓர் உணவகத்தில் மயக்கம் போட்டதாகப் பிற்பாடு தானே சொன்னார். அந்த ஆண்டே குழு கலைந்தது. கடவுளைக் கவிழ்த்தவருக்கு அப்போது இருபது, இருபத்தொரு வயது.

குறை சொல்கிறாயே, நீயே செய்து காட்டு என்று யாராவது கேட்டிருக்க வேண்டும். டெட்ராய்டின் ரகளைக் குழுவான எம்சி5-இன் ‘பேக் இன் தி யுஎஸ்ஏ’ ஆல்பத்தைத் தயாரித்தார். 1970-இல் வந்தது. அதில் பேஸ் கிட்டார் ஒலி எங்கே போயிற்று என்று ரசிகர்கள் இன்னமும் தேடுகிறார்கள்.

1974 ஏப்ரல், மாசசூசெட்ஸ் கேம்பிரிட்ஜ். ஒரு மதுவிடுதியின் கண்ணாடியில் லாண்டாவ் எழுதிய விமர்சனத்தை ஒட்டியிருந்தார்கள். குளிரில் நடுங்கியபடி ஒரு தாடிக்கார இளைஞர் அதைப் படித்துக்கொண்டிருந்தார். அன்று உள்ளே பாட இருந்த புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன்தான் அவர். அவருடைய ஆல்பத்தில் பாட்டு நன்று, ஒலிப்பதிவு சுமார் என்று எழுதியிருந்த ஆசாமி மெல்ல அருகில் வந்து, “எப்படி இருக்கிறது?” என்று விசாரித்தார். மோசமில்லை என்கிற மாதிரி பாடகர் பதில் சொன்னார். விமர்சகரையே விமர்சித்த அந்த நொடியில் ஜாதகம் பொருந்திவிட்டது.

மே 9 அன்று ஹார்வர்டு ஸ்கொயர் தியேட்டரில் பானி ரெய்ட்டுக்கு முன்னால் ஸ்பிரிங்ஸ்டீன் பாடினார். லாண்டாவ் ‘தி ரியல் பேப்பர்’ வார இதழில் புலம்பலும் பரவசமுமாக ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். ராக் இசையின் எதிர்காலத்தைக் கண்டேன், அதன் பெயர் ஸ்பிரிங்ஸ்டீன் என்பது அதன் நடுவில் ஒரே ஒரு வாக்கியம். கொலம்பியா ரெக்கார்ட்ஸ் அந்த வாக்கியத்தை மட்டும் வெட்டி எடுத்து விளம்பரமாக்கியது. மீதிக் கட்டுரையை எத்தனை பேர் படித்தார்களோ!

ஒலிப்பதிவு சுமார் என்றவர், மறுவருஷம் ‘பார்ன் டு ரன்’ ஆல்பத்தின் இணைத் தயாரிப்பாளர். நல்ல ஸ்டுடியோவுக்கு ஜாகை மாற்றி, முடிவேயில்லாமல் இழுத்த வேலையை ஒருவழியாக முடித்தார்கள். முடிந்ததைக் கேட்ட பாடகருக்குப் பிடிக்கவில்லை. இசைத்தட்டை ஓட்டல் நீச்சல் குளத்தில் வீசினார். சமாதானப்படுத்தும் உத்தியோகமும் லாண்டாவுக்கே வந்தது.

1975 அக்டோபரில் ‘டைம்’, ‘நியூஸ்வீக்’ இரண்டும் ஒரே வாரத்தில் ஸ்பிரிங்ஸ்டீனை அட்டையில் போட்டன. லண்டனுக்குப் போனால் ஹேமர்ஸ்மித் ஓடியன் அரங்கு நெடுக அவர் புகழ் பாடும் சுவரொட்டி. கூச்சம் தாங்காமல் அவரே கிழித்தெறிந்தார். எதிர்காலமாக இருப்பது லேசுப்பட்ட வேலை அல்ல.

ஸ்பிரிங்ஸ்டீனின் அப்போதைய மேனேஜர் மைக் அப்பெல் சும்மா இருப்பாரா? 1976-இல் வழக்கு, எதிர்வழக்கு. லாண்டாவை வைத்துப் பதிவு செய்யக் கூடாதென்று நீதிமன்றத் தடை. ஆக, ஒரு விமர்சகர் ஸ்டுடியோவுக்குள் நுழையாமல் தடுக்க வக்கீல்கள் தேவைப்பட்டார்கள். இசைக்கலைஞர்கள் பலர் காலங்காலமாகக் கண்ட கனவு இது. 1977 மே மாதம் சமரசம். அப்பெல் போனார். லாண்டாவே மேனேஜரும் ஆனார்.

1984-இல் ‘பார்ன் இன் தி யுஎஸ்ஏ’ ஏறக்குறைய தயார். ஹிட்டாகிற மாதிரி இன்னொரு பாட்டு வேண்டும் என்றார் லாண்டாவ். எழுபது பாட்டு எழுதியாயிற்று, வேண்டுமானால் நீரே எழுதும் என்று ஸ்பிரிங்ஸ்டீன் எரிந்து விழுந்தார். அந்தக் கோபத்தோடே போய் ஒரே இரவில் ‘டான்சிங் இன் தி டார்க்’ எழுதிவிட்டார். அமெரிக்கப் பட்டியலில் இரண்டாம் இடம். அவர் பெயரில் வெளியான பாட்டு எதுவும் அங்கே அதைவிட மேலே ஏறவில்லை.

நண்பர்களை விமர்சிக்கக் கூடாது என்பது பத்திரிகை தர்மம். லாண்டாவ் அதை மீறவேயில்லை, விமர்சனத்தையே விட்டுவிட்டார்.

2020-இல் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் அவருக்கு அஹ்மெட் எர்டிகன் விருது கொடுத்தது. அந்த அமைப்பின் பரிந்துரைக் குழுவுக்குப் பல காலம் தலைவராக இருந்தவர் யார் என்று கேட்கிறீர்களா? லாண்டாவ்தான்.