ஆச்சியின் மண்டலம்

பாளையங்கோட்டையில் ஒரு வீடு. இரவு 8.15 மணி. பாய் விரித்தாகிவிட்டது, குடும்ப ஜெபம். சங்கீதம் வாசிப்பது ஆறு வயதுப் பேத்தியின் முறை. எழுத்துக் கூட்டிப் படிக்கும் வயதுதான், ஆனால் 117-ஆம் சங்கீதத்தில் இரண்டே வசனம் என்பதை யாரும் சொல்லாமலே கண்டுபிடித்திருந்தாள். நான்கு நாள் தொடர்ந்து அதையே வாசித்தாள். ஐந்தாம் நாள் ஆச்சி அடுத்த பக்கத்தைப் புரட்டி 119-ஐக் காட்டினாள். 176 வசனம். "நாலு நாளா மிச்சம் பிடிச்சல்லாட்டி, இன்னைக்கு வட்டியோட கட்டு." எட்டாவது வசனத்தில் பிள்ளை தூங்கிப்போனாள்.

வாசிப்பாவது பரவாயில்லை. ஆச்சியின் ஜெபம் உலகச் செய்தி. சென்னை மாமாவின் சர்க்கரை, துபாய் சித்தப்பாவின் விசா, சாத்தான்குளத்துப் பெரியம்மாவின் முழங்கால் என்று ஒருவர் விடாமல் ஆண்டவர் முன்னால் வந்துபோவார்கள். பேத்திக்குக் கடிகாரம் பார்க்கத் தெரியாது. துபாய் வந்தால் பாதி தாண்டியாச்சு என்பது மட்டும் தெரியும்.

அப்பாவுக்குப் போக்குவரத்துக் கழகத்தில் வேலை. வீட்டில் அடிக்கடி அடிபடும் பெயர் மண்டல மேலாளர். அதனால் ஜெபத்தில் வரும் 'பரமண்டலம்' என்ற சொல்லில் பிள்ளைக்கு ஒரு குழப்பமும் இல்லை. அது கொஞ்சம் பெரிய மண்டலம், அங்கேயும் ஒரு மேலாளர், லீவு கேட்டால் அவரும் சட்டென்று தரமாட்டார். வேதத்தில் வரும் பரிசேயர்தான் அவளை ஏமாற்றினார்கள். பரிசு கொடுப்பவர்கள் என்று ஓய்வுநாள் பள்ளியில் ஒரு வருடம் காத்திருந்தாள்.

வீட்டிலிருப்பது 1871-இல் வந்த பழைய திருப்புதல் வேதாகமம். அதைத் தினமும் கேட்டு வளர்ந்த பிள்ளை வேறு எப்படிப் பேசும்? "டீச்சர், இவன் என் பென்சிலை அபகரித்தான்" என்று வகுப்பில் எழுந்து முறையிட்டாள். மத்தியானம் என்ன சாப்பிட்டாய் என்றால், தயிர்சாதம் புசித்தாளாம். டீச்சர் அம்மாவைக் கூப்பிட்டுவிட்டார். ஆச்சிக்கோ பெருமை பிடிபடவில்லை.

ஆச்சி கதை சொன்னால் காலம் கிடையாது. 1785-இல் அதே ஊரில் கோயில் கட்டிய கிளாரிந்தாவை, நேற்றுத்தான் சாயந்தரம் வந்து காப்பி குடித்துவிட்டுப் போன மாதிரி சொல்வாள். கோயில் பக்கத்தில் அந்த அம்மாள் வெட்டிய கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டுப் பேத்தி கேட்டாள்: "அந்த ஆச்சி கிறிஸ்மஸுக்கு வருவாங்களா?"

ஆச்சிக்குப் பிடித்த பகுதி, பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் தொடக்கம். அங்கே தீமோத்தேயுவின் விசுவாசத்துக்குப் பாட்டி லோவிசாள் முதலில், அம்மா ஐனிக்கேயாள் அடுத்து. அப்பா அந்த வரிசையிலேயே இல்லை. அவர் கிரேக்கர் என்பதற்குமேல் அப்போஸ்தலர் நடபடிகளும் பேசாது. மாப்பிள்ளை வீட்டிலிருக்கும் நாளாகப் பார்த்து ஆச்சி இதைச் சத்தமாக வாசிப்பாள். மாப்பிள்ளையும் அந்நேரம் பார்த்து செல்போனுக்கு சார்ஜ் போட எழுந்துபோவார்.

ஆனால் பிள்ளையின் மனதில் நின்றது நிருபமல்ல, அடுப்படித் தகர டப்பா. உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசி அதில் விழும்; ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகும். சாதாரணமாகப் பிடி போடுவது ஆச்சி. மாதக் கடைசியில் அரிசிப் பானை அடி தெரியும்போது மட்டும், "ஏட்டி, இன்னைக்கு ஆண்டவருக்கு நீ போடு" என்று கூப்பிடுவாள். தன் பக்தியைப் பார்த்துத்தான் அழைப்பு என்று பேத்தி நம்பினாள். தன் கை சின்னக் கை என்ற கணக்கு அவளுக்குப் புரியச் சில மாதமாயிற்று. புரிந்த அன்று இரண்டு கையாலும் அள்ளிப் போட்டாள். ஆச்சி டப்பாவையும் பார்த்தாள், பானையையும் பார்த்தாள். காணிக்கையாகப் போட்டதைத் திரும்ப எடுக்க முடியுமா? அன்று ராத்திரி வீட்டில் கோதுமை உப்புமா.

போன ஐப்பசி மழையில் ஆச்சிக்குக் காய்ச்சல். ஜெபத்துக்குப் பேத்தியே முன்வந்தாள். ஆச்சியைப் போலவே தொண்டையைச் செருமிக்கொண்டு, சர்க்கரை, விசா, முழங்கால் என்று வரிசை பிசகாமல் போனாள். கடைசியில் தன் பங்குக்கு ஒன்று: "ஆச்சிக்குச் சுகம் தாரும் ஆண்டவரே. சுகமானப்புறம் ஜெபத்தச் சுருக்கமா முடிக்க அவங்களுக்குக் கிருபை தாரும். ஆமென்."

போர்வைக்குள்ளிருந்து குரல் வந்தது: "மதுரைச் சின்னத்தாத்தாவ விட்டுட்டியேட்டி. முதல்லருந்து வா."