ஐந்நூறு யூனிட்டுக்காரர்

தெருவுக்கு ஒருவர் இருப்பார். சொந்த வீடு, ரிட்டயர்மென்ட்டுக்கு இரண்டு மூன்று வருஷம் பாக்கி, மனைவி, காலேஜ் போகும் பையன், பிளஸ் டூ பெண். காலையில் எழுந்ததும் அவர் முதலில் தரிசிப்பது சாமி படத்தை அல்ல. வாசலில் இருக்கும் மீட்டர் பெட்டியை. செல்போன் டார்ச்சை அடித்து, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, எண்ணைப் படித்து வந்து, மாதக் காலண்டரில் அன்றைய கட்டத்துக்குள் பென்சிலால் குறித்துவைப்பார். அந்தச் செல்போனுக்கு ஆபீஸில்தான் சார்ஜ் ஏறும். வீட்டில் சார்ஜர் இருப்பதாக யாருக்கும் நினைவில்லை.

இந்தக் கவலையைக் கஞ்சத்தனம் என்று தள்ளிவிட முடியாது. இரண்டு மாதக் கணக்கில் முதல் 100 யூனிட் இலவசம் என்று 2016-ல் ஆனதிலிருந்து பாதித் தமிழ்நாடு மீட்டரைப் பார்க்கப் பழகிவிட்டது. நம்மவர் பார்வை அந்த நூறில் இல்லை, ஐந்நூறில். 2022 செப்டம்பரில் வந்த கட்டணப் பட்டியல்படி 500 யூனிட் ஓட்டினால் 1,725 ரூபாய். 501 ஓடிவிட்டால் 1,958. அந்த ஒற்றை யூனிட்டின் விலை வெறும் எட்டு ரூபாய்தான். ஆனால் அது வரும்போதே, 101-லிருந்து 200 வரை இரண்டே கால் ரூபாயாக இருந்ததை நாலரையாக்கிவிட்டு வரும். ஆக மொத்தம் 233 ரூபாய். அதற்கப்புறம் விகிதங்கள் ஏறியிருக்கின்றன. பள்ளம் மட்டும் அதே இடத்தில்தான் இருக்கிறது. கல்யாண வீட்டில், கருமாதி வீட்டில், பஸ் ஸ்டாண்டில், கேட்டவருக்கும் கேட்காதவருக்கும் இந்தக் கணக்கை அவர் விளக்கியிருக்கிறார்.

வீட்டில் அவர் நடமாட்டமே வேறு மாதிரி. செருப்புச் சத்தம் கேட்காது, ஸ்விட்ச் சத்தம் மட்டும் கேட்கும். தண்ணீர் குடிக்க எழுந்துபோன பையன் திரும்பி வருவதற்குள் ஃபேன் நின்று, இறக்கை கடைசிச் சுற்றைச் சுற்றிக்கொண்டிருக்கும். விருந்தாளி "அப்ப நான் வரட்டுமா" என்று இழுக்கும்போதே அவர் கை போர்டில் இருக்கும். வந்தவர் இருட்டில் செருப்பைத் தேடுவார். 75 வாட் ஃபேன் ஒரு யூனிட் தின்னப் பதின்மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓட வேண்டும், இரண்டு நிமிஷம் நிறுத்தி என்ன மிச்சம் என்று பையன் ஒருநாள் கேட்டான். "சிறுதுளி பெருவெள்ளம்டா" என்றார். அதே நேரம் மொட்டைமாடியில் டேங்க் நிரம்பி, பெருவெள்ளம் பின்பக்கச் சுவர் வழியாக இறங்கிக்கொண்டிருந்தது. மோட்டாரைப் போட்டுவிட்டுத்தான், பக்கத்து வீட்டுக்காரருக்கு எல்இடி ட்யூப் லைட்டின் பெருமையைச் சொல்ல கேட்டுக்குப் போயிருந்தார். ஒரு குதிரைசக்தி என்றால் 746 வாட். அந்தப் பேச்சு முக்கால் மணி நேரம் ஓடியது.

பூஜையறைச் சிவப்பு பல்பு இன்னொன்று. சீரோ வாட் என்று கடைக்காரர் சொன்னதை நம்பி, கிரகப்பிரவேசத்தன்று போட்டது, இன்றுவரை அணையவில்லை. பதினைந்து வாட் இழுக்கும் பழைய ரகம். இரண்டு மாதத்துக்கு இருபத்தோரு யூனிட் ஆகிறது என்று பெண் நோட்டில் போட்டுக் காட்டினாள். நோட்டை வாங்கி இரண்டு தடவை கூட்டிப் பார்த்தவர், "சாமிக்குப் போய்க் கணக்குப் பார்ப்பாங்களா" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அன்று மாலையிலிருந்து அவள் பாடப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு பூஜையறை வாசலில் உட்கார ஆரம்பித்தாள்.

உண்மையில் அந்த வீட்டில் மிச்சம் பிடிப்பவர் அந்த அம்மாள். துவரம்பருப்பை அரை மணி முன்னாலேயே ஊறப்போடுவார். ஒரே குக்கரில் கீழே பருப்பு, நடுவில் அரிசி, மேல் தட்டில் உருளைக்கிழங்கு. அடுப்பை அணைத்தபின், ஆவி தானாக அடங்கும்வரை அந்தச் சூட்டிலேயே வேகவிடுவார். புது சிலிண்டர் மாட்டிய தேதியை அடுப்படிச் சுவரில் கரியால் எழுதிவைப்பதோடு சரி, அதைப் பற்றி யாரிடமும் பிரசங்கம் செய்ததில்லை. கணவரின் மிச்சத்துக்கும் அவரிடம் கணக்கு உண்டு. வீட்டில் இஸ்திரி போடத் தடை என்பதால் துணி தெருமுனை வண்டிக்குப் போகிறது.

"ஏங்க, எட்டு உருப்படிக்கு எண்பது ரூபா. வீட்டுல தேய்ச்சா அரை யூனிட்டு, மிஞ்சிப் போனா மூணு ரூபா."

"அது ரூபா. நான் சொல்றது யூனிட்டு."

இதற்கு மேல் அந்த அம்மாள் என்ன பேசுவார்?

ஐம்பதாம் நாள் தாண்டினால் வீட்டில் நெருக்கடி நிலை. கெய்சருக்கு விடுப்பு. ஏசி ரிமோட் பீரோவுக்குள் போய்விடும். நாலு பேரும் ஹாலில் ஒரே ஃபேனுக்குக் கீழே பாய் விரித்துப் படுப்பார்கள். கால் யார் மேல் பட்டது என்று விடிய விடிய பஞ்சாயத்து. "சட்னியை அம்மியில அரைச்சா ருசி தனி" என்று ஆரம்பிப்பார். "கொல்லையில இருக்கு, தூக்கிட்டு வாங்க" என்று அடுப்படியிலிருந்து பதில் வரும். பேச்சு அதோடு நிற்கும். அவர் மட்டும் பாஸ்புக் பதிய என்று மத்தியானத்தில் பேங்குக்குப் போய், குளிர்ச்சியாக மூன்று மணி வரை பதிந்துவிட்டு வருவார்.

அறுபதாம் நாள் ரீடிங் எடுப்பவர் வரவில்லை. மறுநாளும் இல்லை. இந்தத் தடவை ஓடியது 491 யூனிட். நம்மவர் ஆபீஸுக்கு லீவு போட்டுவிட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். பெண் பார்க்க வருகிறவர்களைக்கூட அப்படி யாரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். 494 ஆனது. ஃப்ரிட்ஜை நிறுத்தச் சொன்னார்; மாவு புளித்தால் தோசை நீங்கள்தான் தின்ன வேண்டும் என்றதும் வாபஸ். ஒருவழியாக அறுபத்துமூன்றாம் நாள் பதினொரு மணிக்கு அந்தத் தம்பி சைக்கிளில் வந்து இறங்கினான். மோர் கொடுத்து உபசரித்தார்.

"நானூத்தித் தொண்ணூத்தேழு சார்."

வெள்ளை அட்டையில் அவன் எழுதி முடித்து அடுத்த வீட்டு கேட்டைத் திறப்பதற்குள், இங்கே உள்ளே கிரைண்டர் உருண்டது. மிக்ஸி அலறியது. வாஷிங் மெஷினில் இரண்டு மாதத்துப் போர்வைகள். பையன் கெய்சரைப் போட்டான், பெண் அயர்ன் பாக்ஸை மாட்டினாள். ராத்திரி சாப்பாடு முடிந்ததும் அவரே பீரோவைத் திறந்து ரிமோட்டை எடுத்து நீட்டினார்.

"இருபத்துநாலுல வைக்கட்டுமாங்க?"

"பதினெட்டுல வை. இன்னிக்கு நம்ம கணக்குல பூஜ்யம்தானே!"