எட்டாவது கிராஸ் கில்லேதார்

மல்லேஸ்வரத்தில் ஓய்வு பெற்ற தமிழ் மாமாக்கள் பெரும்பாலும் சாதுக்கள். காலையில் சாங்கி ஏரிக் கரையில் நடப்பார்கள். பிரதோஷத்துக்குக் காடு மல்லேஸ்வரர் கோயிலில் நிற்பார்கள், மற்ற நாட்களில் வெண்ணெய் மசால் தோசைக்கு வரிசையில் நிற்பார்கள். இவர்களால் யாருக்கும் கெடுதல் இல்லை. கோட்டை மாமா மட்டும் வேறு ரகம். சனிக்கிழமை இரவு பத்து மணிக்கு வாட்ஸ்அப்பில் அவருடைய உத்தரவு வந்து இறங்கும்: "நாளை காலை 5.15. சாவனதுர்கா. தொப்பி, தண்ணீர் கட்டாயம். தாமதித்தால் வண்டி நிற்காது." வண்டி அவருடையது அல்ல, மாடி வீட்டுப் பையனுடையது.

ஏதோ ஒரு பொதுத்துறைத் தொழிற்சாலையின் ஸ்டோர்ஸில் முப்பத்தைந்து வருஷம் போல்ட்டும் நட்டும் எண்ணியவர். ஓய்வு பெற்ற பிறகு கையில் எண்ணுவதற்கு ஒன்றும் இல்லாமல் போகவே, கொத்தளங்களை எண்ண ஆரம்பித்தார். தாடையில் நாடா கட்டிய தொப்பி, நியூஜெர்ஸி மகன் வாங்கித் தந்த பைனாகுலர், சட்டைப் பையில் மடித்த வரைபடம். எட்டாவது கிராஸில் கீரை பேரம் பேசும்போதும் பைனாகுலர் கழுத்தில் தொங்கும். கீரைக்காரம்மா அதைப் பார்த்துவிட்டு விலையை ஐந்து ரூபாய் ஏற்றிச் சொல்வாள்.

உள்ளூரை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே பாடம் தொடங்கிவிடும். காடு மல்லேஸ்வரர் கோயிலின் பாறைக் கல்வெட்டு 1669-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. மேதரநிங்கனஹள்ளி என்ற கிராமத்தைக் கோயிலுக்கு எழுதிவைத்தவர் ஏகோஜி, அதாவது சிவாஜியின் மாற்றாந்தாய் மகன். அதே ஏகோஜிதான் பிறகு தஞ்சாவூருக்குப் போய் மராட்டிய அரசை நிறுவினார். மாமாவின் பூர்வீகம் தஞ்சாவூர் ஜில்லா. ஆகவே, "எங்க ராஜா இங்கேர்ந்து அங்கே போனார். நான் அங்கேர்ந்து இங்கே வந்திருக்கேன். கணக்கு நேராயிடுத்து" என்பார். 1687-ல் பெங்களூர் மூன்று லட்சம் ரூபாய்க்கு மைசூர் சிக்கதேவராஜ உடையார் கைக்கு மாறியதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் தழுதழுக்கும். இன்றைக்கு அந்தப் பணம் மல்லேஸ்வரத்தில் இரண்டு படுக்கையறை வீட்டுக்கு அட்வான்ஸ். அதற்கும் ஓனர் சைவமா என்று கேட்பார்.

பெங்களூர் கோட்டையில்தான் மாமாவின் மூளை முழு வேகத்தில் ஓடும். 1537-ல் கெம்பே கௌடர் கட்டியது மண் கோட்டை. ஹைதர் அலி காலத்தில் அது கல்லாயிற்று. இப்போது கே.ஆர். மார்க்கெட் பக்கத்தில் டெல்லி கேட்டும் கொஞ்சம் மதிலும் ஒரு பிள்ளையாரும்தான் மிச்சம். திப்பு சுல்தானோடு நடந்த போரில், 1791 மார்ச் 21 இரவு, நிலா வெளிச்சத்தில், கார்ன்வாலிஸின் ஆங்கிலப் படை மதில் உடைப்பு வழியாக உள்ளே பாய்ந்தது. கில்லேதார், அதாவது கோட்டைத் தலைவர், பகதூர் கான் கடைசி வரை போராடி அங்கேயே விழுந்தார். மாமா அந்த உடைப்பு இருந்த இடத்துக்கு எதிரே நின்று ஐந்து நிமிஷம் மௌனமாக இருப்பார். ஆறாவது நிமிஷம் தீர்ப்பு வரும்.

"கோட்டை விழறது வீரம் இல்லாம இல்லைடா. இண்டென்ட் சரியாப் போடாம."

இதுதான் அவருடைய போர்த்தத்துவம். பீரங்கி, குதிரை, துரோகம் எல்லாம் சரித்திர ஆசிரியர்களின் கற்பனை. மருந்து எவ்வளவு, தானியம் எவ்வளவு, தண்ணீர் எத்தனை நாளைக்கு, ரெஜிஸ்டரில் யார் கையெழுத்து? பகதூர் கானிடம் ஒரு நல்ல ஸ்டோர் கீப்பர் இருந்திருந்தால் இன்றைக்கு நாம் கிரிக்கெட்டே ஆடியிருக்க மாட்டோம் என்பது அவர் துணிபு. கிருஷ்ணகிரியில் அதே 1791-ன் நவம்பரில் ஆங்கிலேயர் மேல்கோட்டையைப் பிடிக்க முடியாமல் திரும்பியதை ஒருமுறை யாரோ நினைவூட்டினார்கள். மேலே இருந்தவர்கள் பாறைகளை உருட்டி விட்டார்கள், அவ்வளவுதான். மாமா யோசித்தார். "கல்லுக்கு இண்டென்ட் வேண்டாமே. மலையே ஸ்டோர்ஸ்."

ஒரு விஷயம் புதிதாக வருகிறவர்களுக்குத் தெரியாது. மாமா மலை ஏற மாட்டார். முழங்கால். அடிவாரத்தில் புளியமரத்து நிழலில் மடக்கு நாற்காலி போட்டு, பைனாகுலரை உயர்த்தி, செல்போனில் படை நடத்துவார். "இடது பக்கம் போ. அது தெரியறதா? அது தெரியலைன்னா இன்னும் மேலே போ." சாவனதுர்கா வழவழவென்று நிற்கும் ஒற்றைப் பாறை. 1791 டிசம்பரில் ஆங்கிலேயர் பாண்டு வாத்தியம் முழங்க அதில் ஏறி, ஒரு மணி நேரத்துக்குள் பிடித்துவிட்டார்கள். நம் பையன்கள் பாண்டு இல்லாமல் ஏறுவதால் இரண்டு மணி நேரம் ஆகிறது. மேலேயிருந்து மூச்சிரைக்க, "மாமா, இங்கே ஒரு நந்தியைத் தவிர ஒண்ணுமில்லையே" என்பார்கள். "உனக்குப் பார்க்கத் தெரியலை" என்று பதில் போகும். கார்ன்வாலிஸ் பிரபு எந்த மலையில் ஏறினார் என்று நானும் தேடிப் பார்த்தேன். தளபதிகளின் முழங்காலைப் பற்றிச் சரித்திரம் அதிகம் பேசுவதில்லை.

கோட்டைகள் அலுத்த ஒரு கோடையில் மாமா குடியேற்றங்கள் பக்கம் திரும்பினார். சம்பிகே ரோட்டில் மெட்ரோ ஏறி, மெஜஸ்டிக்கில் மாறி, ஒயிட்ஃபீல்டு. நாம் கம்ப்யூட்டர்காரர்களின் ஊர் என்று நினைக்கும் இடம், மதராஸைச் சேர்ந்த டி.எஸ். ஒயிட் என்பவர் யூரேஷியர்களும் ஆங்கிலோ இந்தியர்களும் உழுது பிழைக்கட்டும் என்று கனவு கண்ட விவசாயக் காலனி. மைசூர் மகாராஜா சாமராஜ உடையார் சுமார் 3,900 ஏக்கர் கொடுக்க, 1882 வாக்கில் ஆட்கள் வந்து இறங்கினார்கள். வட்டமாக வீடுகள், நடுவே திடல். இன்னர் சர்க்கிள் என்ற பெயர் இன்றும் இருக்கிறது. மாமாவுக்கு மனசு ஒட்டவில்லை. மதில் இல்லை, அகழி இல்லை. "சண்டை போடாம எப்படிடா ஒரு ஊர் உண்டாகும்?" அப்புறம் அங்கேயே குடியிருக்கும் தன் மருமானைப் பார்த்துக் கேட்டார்:

"அவாளுக்கெல்லாம் மகாராஜா 3,900 ஏக்கர் கொடுத்தார். உனக்கு என்ன கொடுத்தா?"

"1,150 சதுர அடி, மாமா. அதுவும் லோன்."

மல்லேஸ்வரமே ஒரு குடியேற்றம்தான் என்பதை மட்டும் மாமாவிடம் சொல்லக் கூடாது. 1898-ல் பழைய பெங்களூர்ப் பேட்டையைப் பிளேக் ஆட்டியபோது, உயிருக்குப் பயந்து ஊருக்கு வடக்கே மனை வாங்கி வந்தவர்கள் நிரப்பிய இடம் இது. எலிக்குப் பயந்து வந்த வம்சம் என்றால் பைனாகுலருக்கு மரியாதை இருக்காது.

போன மாசிக் குளிரில் ராயக்கோட்டை. உண்மையான எல்லைக் கோட்டை அது. பாராமகால் பகுதியிலிருந்து மைசூர் மேட்டுக்கு ஏறும் கணவாயைக் காத்தது. 1791-ல் கும்பினி பிடித்தது, 1792 உடன்படிக்கையில் பாராமகாலோடு சேர்த்து வைத்துக்கொண்டது. 1799-ல் திப்புவின் கதையை முடிக்க ஜெனரல் ஹாரிஸ் இந்தப் பக்கமாகத்தான் எல்லையைத் தாண்டினார். இப்போது எல்லை அத்திப்பள்ளியில். அதைத் தாண்டியதும் மாமா கன்னடத்திலிருந்து தமிழுக்கு மாறி, காபி சரியில்லை என்பார்.

அன்று முதல் முறையாக மாமியும் வந்திருந்தார். இட்லி எத்தனை, மிளகாய்ப் பொடி எவ்வளவு, நல்லெண்ணெய் எந்த டப்பா, தண்ணீர் ஆளுக்கு எத்தனை பாட்டில் என்று விரல் நுனியில் வைத்திருந்தார். மாமா எடுத்து வர வேண்டிய ஒரே சாமான் காபி ஃபிளாஸ்க். அது மல்லேஸ்வரத்தில் மேஜை மேலேயே இருந்தது. மாமி ஒன்றும் சொல்லவில்லை. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, "நான் ஒரு நடை மேலே போய்ட்டு வரேன்" என்று பையன்களுக்கு முன்னால் ஏறிவிட்டார்.

இறங்கி வர மத்தியானம் ஆயிற்று. "மேலே சுனை இருக்கு. ஓடு போன கட்டடம் ரெண்டு. நீங்கோ பைனாகுலர்ல காட்டிண்டிருந்தேளே, அது கொத்தளம் இல்லை. யாரோ காயப்போட்ட போர்வை."

அடுத்த ஞாயிறு புதிதாகச் சேர்ந்த இரண்டு பையன்களுக்கு மாமா ராயக்கோட்டையை விளக்கிக்கொண்டிருந்தார். "போன வாரம் உச்சியில நின்னு பார்த்தப்போதான் புரிஞ்சுது. தண்ணிக்குச் சுனையே இருக்கு, இண்டென்டே வேண்டாம். ஆனா ஜாக்கிரதை, கீழேர்ந்து பார்க்கறவா போர்வையைக் கொத்தளம்னு நினைச்சுடுவா."